'ரன்' என்னும் சொல்



'ரன்' என்றால் ஓடுதல் என்றே நாம் இளமையில் மனனம் செய்தோம், அவ்வளவில் நின்றும்விட்டோம். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் பதிப்பாசிரியர்கள் இவ்வினைக்கு 645 பொருள்கள் கண்டதாக 2011இல் செய்தி வந்தது. அத்தனையும் நமக்கு வேண்டா.

அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே அது பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரியைத் தொடங்கியது. கழகம் கல்லூரியை நடத்துவதை ஆங்கிலத்தில் 'ரன்ஸ்' என்பர். இதனைக் "கழகம் கல்லூரியை ஓடுகிறது" என்று பெயர்த்த நம் பிள்ளை ஒருவனை வகுப்பே நகைத்தது. ஆசிரியரும் உடன் நகைத்தார். அதன்பின் அவன் ஆங்கில நூலைத் தொடவில்லை. பிழை அவனுடையதன்று. தமிழில் இயந்திரம் ஓடுகிறது, தொழிலாளி அதனை ஓட்டுகிறார். தன்வினை பிறவினையாகுங்கால் சொல் வடிவம் மாறுகிறது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் 'ரன்ஸ்' ஒன்றே. செயப்படுபொருள் உளதா என்று நோக்கினால் இயக்குதல், நடத்துதல் என்னும் பொருள் பெரும்பாலும் விளங்கிவிடும். (பந்தயம் ஓடுவது விலக்கு.) இதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

இறந்த காலத்தில் இது 'ரேன்' ஆகும். எனினும் 'ஹேவ்' முன்வரின் மீண்டும் 'ரன்' என்றே எழுதுக. வேலை மனுக்களில் நாம் மிகுதியும் வழுக்குமிடம் இதுவே. இச்சங்கத்தை இருபத்தைந்து ஆண்டுகள் நடத்தியிருக்கிறோம் என்று எழுதும்போதும் 'ஹேவ் ரன்' என்றே எழுதுவோம்.