பக்கத்து வகுப்பு ரீச்சர் போட்டியாளர் இல்லை

ஆசிரியர்களின் கூட்டுழைப்பு பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் சம்பளத்தில் இருந்து தொடங்கப் போறன்.

2013இல் இங்கிலாந்து அரசாங்கம் ஆசிரியர்களின் சம்பள உயர்வை அவரவர் செயல்திறனோடு கட்டிவிட்டது. அதன் பிறகு, பின்னக் கணக்கு விளங்கப்படுத்த நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடிச்ச ரீச்சர் அதைப் பக்கத்து வகுப்புக்குக் கொடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? ஒரு பிள்ளை வாசிக்கப் பழகினதில் போன வருச ரீச்சரின் பங்கு எவ்வளவு, வகுப்பு உதவியாளரின் பங்கு எவ்வளவு? பிரிக்க ஏலாது. தொழிற்சங்கங்கள் இதை எதிர்த்துக்கொண்டே இருந்தன. அந்தக் கட்டாயம் நீங்கியது 2024 செப்டம்பரில்தான். விரும்பிய பாடசாலை இன்னும் வைத்திருக்கலாம்.

ஜப்பானில் 'ஜுக்யோ கென்க்யூ' என்று ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கு. பாட ஆய்வு எண்டு சொல்லலாம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரேயொரு பாடத்தைத் தயாரிப்பார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் வகுப்புக்குள் நிண்டு பார்ப்பது ரீச்சரை அல்ல, பிள்ளைகளை. எந்த இடத்தில் எந்தப் பிள்ளையின் பென்சில் நிண்டது? பிறகு இருந்து கதைப்பார்கள். பாடம் சறுக்கினால் அது எல்லாரும் சேர்ந்து செய்த பாடம், நடத்தினவரின் தலையில் விழாது. (ஜப்பானிய ஆசிரியர்களின் வேலைநேரம் கொடுமையானது. அதை இறக்குமதி செய்யச் சொல்லேல்லை.)

இதுக்கு நல்ல மனம் மட்டும் போதாது, நேரம் வேணும். இங்கே 2005இல் இருந்து கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது 10 வீதம் தயாரிப்புக்கு உண்டு. ஆனால் ஒருவருக்குச் செவ்வாய், மற்றவருக்கு வியாழன் என்றால் ஆளையாள் காண்பது எப்போது?

எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளுக்கு வாறன். நானும் ஒன்றில் படிப்பிக்கிறன். எல்லாரும் தொண்டர்கள், சம்பளப் போட்டி இல்லை. எண்டாலும் கதவு பூட்டித்தான் கிடக்கு. ஏனென்றால் மண்டப வாடகை மணிக்கணக்கில். வகுப்பு முடிய, காவலாளி திறப்போடு வாசலில் நிற்பார். ல, ழ, ள வித்தியாசத்தைப் பக்கத்து வகுப்பு அன்ரி கண்ணாடி முன் நாக்கைப் பார்க்கவைத்துச் சொல்லிக்கொடுக்கிறா. அது எனக்கு ஒரு மாணவி சொல்லித்தான் தெரியும்.

கலைவிழாவுக்குக் காசு சேர்க்கிறம். தவணைக்கு ஒரு சனி, ஒரு மணித்தியால வாடகை கூடக் கட்டுவம். 'வந்தான், வந்தாள், வந்தது' — ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம். அதைச் சேர்ந்து தயாரிப்பம். முதல் வகுப்பை நான் எடுக்கிறன். நீங்கள் உள்ளுக்கு வந்து நிண்டு பிள்ளைகளைப் பாருங்கோ.