அவள் பெயரில் அவள் தொழில்

(மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

'மகளிரும் தொழிலும்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தமிழாசிரியன் ஒருவனுக்குத் தொழிலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். சொல்லே என் தொழில். ஆகவே, ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன்.

திங்கள்தோறும் நாம் வாங்கும் கூலியை இன்று 'ஊதியம்' என்கிறோம். திருக்குறளில் ஊதியம் என்பதற்குக் கூலி என்று பொருளில்லை. பேறு, ஆக்கம், செய்த செயலால் மிகுந்து வரும் பயன் என்பனவே அங்குப் பொருள். ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது எது, ஆவது எது, பின்னர் விளையும் ஊதியம் எது என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவப் பெருந்தகை. தன் முயற்சியால் ஒருவர் ஈட்டும் மிகுதியைக் குறித்த சொல், பிறர் அளந்து கொடுக்கும் தொகையைக் குறிப்பதாகிவிட்டது. சொல் மட்டுமா மாறிற்று? நம் உள்ளமும் உடன்மாறிற்று. அரைக்காசு ஆனாலும் அரண்மனைக் காசு வேண்டும் என்கிறோம். பிறரிடம் பணி செய்வதே பெருமை, தானே தொழில் தொடங்குவது இடர் என்று பிள்ளைகட்குக் கற்பிக்கின்றோம்.

'உத்தியோகம் புருச இலட்சணம்' என்று ஒரு பழமொழியை நம் வீடுகளில் சொல்வார்கள். அம் மூன்று சொற்களில் ஒன்றுகூடத் தமிழன்று. அதன் கருத்தும் தமிழ்க்கருத்தன்று. புறநானூறு பருத்தி நூற்கும் பெண்ணைக் காட்டுகிறது. அகநானூற்றில் உமணர் மகள் தெருவில் நின்று நெல்லுக்கு உப்பை மாற்றுகிறாள். மதுரைக்காஞ்சியில் முதுபெண்டிர் பூவும் பண்டமும் ஏந்தி மனைதொறும் செல்கின்றனர். பொருளீட்டல் ஆணுக்கே உரியது என்னும் எண்ணம் நம் பழந்தமிழ்க் குமுகாயத்தில் இல்லை என்பதற்கு இவை போதும்.

பழம்பெருமை பேசி அமர்ந்துவிட நான் வரவில்லை. நம் காலத்தில் வாழ்ந்து, 2025ஆம் ஆண்டு தம் 91ஆம் அகவையில் மறைந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் இசுடெபானி சேர்லி.

ஏதிலிச் சிறுமி

அவர் 1933இல் செருமனி நாட்டில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேரா. தந்தை யூதர், நடுவர் பதவியிலிருந்தவர். இட்லரின் கொடுங்கோன்மை அப் பதவியைப் பறித்தது. 1939இல் யூதக் குழந்தைகளைக் காப்பாற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிய தொடர்வண்டிகளுள் ஒன்றில், ஐந்து அகவை வேராவும் ஒன்பது அகவைத் தமக்கையும் பெற்றோரின்றி வந்து சேர்ந்தனர். மொழி தெரியாது, உறவு கிடையாது. முன்பின் அறியாத ஓர் இணையர் அவர்களை வளர்த்தனர்.

அவருக்குக் கணக்கில் பேரார்வம். அவர் பயின்ற பெண்கள் பள்ளியிலோ கணக்கு கற்பிக்க ஆளில்லை. பெண்களுக்குக் கணக்கு எதற்கு என்று காலம் எண்ணியிருந்தது. தனி இசைவு பெற்று, ஆண்கள் பள்ளிக்குச் சென்று கணக்குப் படித்தார். ஆசிரியன் என்ற முறையில் இவ்விடத்தில் நான் தலை தாழ்த்துகிறேன். பெண்ணொருத்தி எதைப் படிக்கலாம் என்று பள்ளியின் கால அட்டவணையே முடிவு செய்துவிடும் நிலை இன்றும் முற்றும் ஒழிந்துவிடவில்லை.

18ஆம் அகவையில் இலண்டனில் அஞ்சல்துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் பணிக்கமர்ந்தார். பகலெல்லாம் பணி, மாலையில் வகுப்பு என்று ஆறாண்டுகள் படித்துக் கணிதத்தில் பட்டம் பெற்றார். கணிப்பொறி பிறந்து வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அறைநிறையப் பொறிகள், அவற்றை இயக்கும் நிரலை ஒரு சிலரே எழுத அறிந்திருந்தனர். அச் சிலருள் அவர் ஒருவரானார். நிரல் எழுதுதல் வெறுங்கணக்கு வேலை அன்று. யாப்பறிந்து செய்யுள் இயற்றுவார்க்கு அதன் இயல்பு எளிதில் விளங்கும். கட்டுப்பாடு முழுமையாக இருக்கும். அதற்குள் புதுமை காண வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் தளை தட்டும். அதுவும் படைப்புத் தொழிலே.

பணியைத் துறந்த நாள்

மணமான பின்னர் வேறொரு நிறுவனத்திற்குச் சென்றார். அங்கே ஒரு கூட்டத்தில், தம் தொழில்நுணுக்க வேலைக்கு அப்பாற்பட்ட ஒரு செய்தியில் கருத்துக் கூற முற்பட்டார். அது உனக்குரியதன்று என்னும் பொருள்பட வாயடைத்துவிட்டனர். அறிவு வேண்டும், ஆனால் அறிவுரை வேண்டா என்னும் அந்த நிலையை இங்கு அமர்ந்துள்ள அன்னையருள் எத்தனையோ பேர் அறிவீர்கள். அவர் அழவில்லை, வாதாடவும் இல்லை. பணியை விட்டு விலகினார். 1962இல், தம் வீட்டிலேயே, ஆறு பவுண்டு முதலில் ஒரு நிறுவனம் தொடங்கினார். கணிப்பொறிக்கு நிரல் எழுதி விற்பதே தொழில்.

கேட்டவர்கள் நகைத்தனர். அந்நாளில் பொறியை வாங்கினால் நிரல் விலையின்றியே வரும். விலையில்லாப் பொருளை, அதுவும் ஒரு பெண்ணிடம், யார் விலைகொடுத்து வாங்குவர்? அவர் அளித்த விடை வேறு. பொறி எல்லார்க்கும் ஒன்றே. அவரவர் தேவைக்கேற்ற நிரலே அதற்கு உயிர் என்றறிந்திருந்தார்.

எத்தனையோ நிறுவனங்களுக்கு மடல் எழுதினார். மறுமொழி இல்லை. கணவர் ஒரு வழி சொன்னார்: 'இசுடெபானி' என்று கையொப்பமிடாமல், ஆண்கள் பெயரான 'இசுடீவ்' என்று இட்டுப்பார் என்றார். இட்டார். கதவுகள் திறந்தன. மடல் அதே மடல். அறிவு அதே அறிவு. விலையும் அதே விலை. பெயர் ஒன்றுதான் மாறிற்று. உள்ளே வருபவர் பெண் என்று அவர்கள் அறிவதற்குள் அவர் அறைக்குள் வந்துவிட்டிருந்தார்!

1963இல் மகன் பிறந்தான். வீட்டில் தொலைபேசி ஒலிக்கும். அருகே குழந்தை அழும். பெரிய பணிமனை என்று மறுமுனையில் இருப்பவர் எண்ணட்டும் என்று, தட்டச்சுப் பொறிகள் ஒலிப்பதைப் பதிந்த ஒலிநாடாவை ஓடவிட்டுப் பேசுவார். சிரிப்பு வருகிறதன்றோ? தாய்மையை மறைத்தால்தான் தொழிலில் மதிப்பு என்றிருந்த அந்நிலையை எண்ணினால் அச் சிரிப்பு அடங்கிவிடும்.

ஆண் பெயர் பூண்டு நுழைந்தவர், நுழைந்தபின் செய்தது என்ன என்பதே தலையாயது. மணத்தாலும் மகப்பேற்றாலும் பணி இழந்து வீட்டிலிருந்த, நிரல் எழுதத் தெரிந்த பெண்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். அவர்கள் பணிமனைக்கு வரவேண்டா. பிள்ளை உறங்கும் வேளையில், தம் வீட்டு மேசையில், தாளும் கரிக்கோலும் கொண்டு நிரல் எழுதினால் போதும். இருந்த நேரத்திற்கன்றி முடித்த பணிக்கே பணம். முதலில் சேர்ந்த 300 பேருள் 297 பேர் பெண்கள். ஒலியை விஞ்சிப் பறந்த கான்கார்டு வானூர்தியின் பறப்புப் பதிவுக் கருவிக்குரிய நிரலை எழுதியவர்கள், இவ்வாறு வீட்டிலிருந்து பணியாற்றிய பெண்களே! 1975இல் ஆண் பெண் வேறுபாடு காட்டலைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் வந்தது. பெண்களையே அமர்த்துதல் கூடாதென்றாகி, அவர் ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. பெண்ணுக்காக வந்த சட்டம் முதலில் ஆணுக்குக் கதவு திறந்த புதுமை அது.

பின்னாளில் தம் பங்குகளைப் பணியாளர்க்கே பகிர்ந்தளித்தார். அதனால் 70 பேர் பெருஞ்செல்வர் ஆயினர். அந்நிறுவனம் வளர்ந்து வேறு பெயர் பூண்டு சென்னையிலும் பணிமனை நடத்தியது. நம் பிள்ளைகள் சிலர் அங்குப் பணியாற்றியிருப்பர். ஆறு பவுண்டுக் கதையை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

துன்பமும் சொல்லப்பட வேண்டும்

வெற்றியை மட்டும் சொல்லி உங்களைத் தூண்டிவிட்டுப் போனால் அது அறமாகாது. அவர் மகன் கடுமையான மதியிறுக்கம் உடையவன். பகலில் தொழில், இரவில் உறங்காப் பிள்ளை என்று வாழ்ந்து உடலும் உள்ளமும் முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். பொருளியல் நலிவில் நிறுவனமும் ஒருகால் தள்ளாடிற்று. அம் மகன் 1998இல் 35ஆம் அகவையில் இறந்தான். ஈட்டிய செல்வத்தில் பெரும்பகுதியை மதியிறுக்கம் உடையோர் நலத்திற்கே ஈந்தார் அத் தாய்.

அவர் கண்மூடிக் குதித்தவரும் அல்லர். பணியை விடுமுன் பத்தாண்டுக்கு மேலாகத் தம் தொழிலைக் கசடறக் கற்றிருந்தார். இல்லத்தில் கணவரின் வருவாய் இருந்தது. கடன்வாங்கிக் கட்டடம் எழுப்பவில்லை. அடுக்களைக்கு அருகிலேயே தொடங்கினார். வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்று வள்ளுவர் சொன்னதும் இதுவே. சினத்தில் பணியை விடாதீர்கள்; தேர்ச்சியில் விடுங்கள்.

நம் நாட்டுப் பெயர்ப்பலகை

இனி நம் நிலைக்கு வருகின்றேன். அங்கே ஒரு பெண் தொழில் செய்ய ஆணின் பெயரை அணிய வேண்டியிருந்தது. இங்கே என்ன நடக்கிறது? நம் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். பலகையில் மனைவியின் பெயர் இருக்கும். மகளின் பெயர் இருக்கும். மகளிர்க்கெனத் தரும் கடனுக்காகவும், வரிக்கணக்கிற்காகவும் உரிமையாளர் என்று அவள் பெயரே எழுதப்பட்டிருக்கும். கல்லாவில் அமர்ந்திருப்பவர் கணவர். வைப்பகக் கணக்கில் எவ்வளவு உண்டு என்று அவளைக் கேட்டால், அவரைக் கேளுங்கள் என்பாள். அங்கே ஆண் பெயருக்குப் பின்னால் ஒரு பெண் உழைத்தாள். இங்கே பெண் பெயருக்குப் பின்னால் ஓர் ஆண் அமர்ந்திருக்கிறான். இரண்டனுள் எது இழிவு? அவளிடம் தொழில் இருந்தது, பெயர் இல்லை. இவளிடம் பெயர் இருக்கிறது, தொழில் இல்லை. பெயர்ப்பலகையைத் தூய தமிழில் எழுதுங்கள் என்று நான் பல்லாண்டாகச் சொல்லி வருபவன். இன்று ஒன்று கூட்டிச் சொல்கிறேன்: பலகையில் உள்ள பெயர் மெய்யாகவும் இருக்கட்டும்.

மற்றொன்று முதற்பொருள். தந்தையின் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. 2005இல் நாடு முழுமைக்கும் அது வந்தது. சட்டம் வந்தது, பங்கு வந்ததா? 'திருமணத்தில் நகை போட்டோமே, இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு அம்மா' என்று விடுதலை ஆவணத்தை நீட்டும் அண்ணன்மார் இல்லாத ஊர் எது? அந்த ஒரு கையெழுத்தோடு அவள் தொழில் தொடங்குதற்குரிய முதலும், கடனுக்குக் காட்டுதற்குரிய ஈடும் போய்விடுகின்றன. பின்னர், பெண்ணுக்குத் தொழில் நடத்தத் துணிவில்லை என்று நாமே பேசுகின்றோம்! துணிவு நெஞ்சில் மட்டும் முளைப்பதன்று. காலூன்ற நிலமும் வேண்டும்.

பெற்றோரே! உங்கள் மகள் வரைகிறாள், நெய்கிறாள், தைக்கிறாள், புதிது புதிதாகச் சமைக்கிறாள், கணிப்பொறியில் நிரல் எழுதுகிறாள். அதைப் 'பொழுதுபோக்கு' என்று சொல்லாதீர்கள். மகன் செய்தால் திறமை, மகள் செய்தால் பொழுதுபோக்கா? மகனுக்குக் கடைவைக்க நிலம் விற்கும் தந்தை, மகளின் தொழிலுக்கு அதில் ஒரு பங்கேனும் ஒதுக்கட்டும்.

கணவன்மாரே! 'உன் விருப்பம்' என்று சொல்லி விலகி நிற்பது துணையாகாது. அவள் தொழிலுக்குச் செல்லும் வேளையில் அடுக்களையும் பிள்ளையும் உங்கள் பொறுப்பாகட்டும்.

மாணவியரே! உங்களுக்கு நான் சொல்வன சிலவே. ஒரு தொழிலை வேர்வரை கற்றுக்கொள்ளுங்கள். செலவையும் வரவையும் நீங்களே எழுதுங்கள். பிறர் எழுத நீங்கள் ஒப்பமிடாதீர்கள். படித்துப் பாராத தாளில் எவர் சொன்னாலும் கையெழுத்திடாதீர்கள். நீங்கள் உயர்ந்தால், பணியிழந்து வீட்டில் இருக்கும் இன்னொரு பெண்ணைத் தேடிச் சென்று அழையுங்கள். ஆண் பெயரால் மடல் எழுத வேண்டிய காலம் இனி உங்களுக்கு வேண்டா. உங்கள் அன்னையும் தந்தையும் இட்ட அழகிய தமிழ்ப் பெயராலேயே கையொப்பமிடுங்கள். அதைப் படிப்பவர் மறுமொழி எழுதியே தீர வேண்டும் என்னுமளவிற்கு உங்கள் வேலை சிறந்திருக்கட்டும்.