நிதியும் பட்டாவும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கடனைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். நம் தெருக்களில் படிப்பு நின்றுபோன கதைகள் பல, கட்டணம் கட்டவேண்டிய தேதியில்தான் முடிந்திருக்கின்றன. ஆகவே பேசுகிறோம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1775ஆம் ஆண்டு, கெட்லி என்பவரின் விடுதியில் சிலர் ஒரு சங்கம் அமைத்தனர். மாதந்தோறும் பணம் கட்டுவர். சேர்ந்த தொகையில் ஒவ்வொருவராக வீடு பெறுவர். எல்லாரும் பெற்றதும் சங்கம் கலைந்துவிடும். நம்முடைய சீட்டைப் போலத்தான். பின்னாளில் கலையாமல் நிலைத்து நடக்கும் சங்கங்கள் தோன்றின. 1872ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் பண்டின் பெயரிலுள்ள ‘பர்மனென்ட்’ அந்த நிலைபேற்றைச் சொல்லுவது. உறுப்பினரிடமே வைப்பு வாங்கி, உறுப்பினருக்கே கடன் கொடுப்பது நிதியின் இலக்கணம். மாதச் சம்பளக்காரர் பலர் வட்டிக்கடைக்குப் போகாமல் வீடு கட்டிக்கொள்ள இவ்வகை நிதிகள் வழி செய்தன. அது நல்ல காரியமே.

ஆனால் நகையோ, வீடோ, நிலமோ, வைப்புச் சீட்டோ ஈடாக வேண்டும். 2014ஆம் ஆண்டின் நிதி விதிகளும் ஈடின்றிக் கடன் கொடுக்க இடம் தரவில்லை.

நாம் கல்லூரியில் சேர்ந்தது 1988ஆம் ஆண்டு. குற்றாலத்தில் சாரல் காலத்தில் சுமை தூக்கி எங்கள் தந்தையார் சேர்த்த காசு புரட்டாசிக்குள் தீர்ந்துவிட்டது. தென்காசியில் கடன் கொடுக்கும் ஓரிடத்திற்குச் சென்று, வீட்டை ஈடு வைப்பதாகச் சொன்னார். இரண்டு தலைமுறை குடியிருந்த வீடு, பட்டா இல்லை. எழுத்தர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விதிப்படி அவர் செய்ததில் பிழையில்லை, அதுதான் வலித்தது. அம்மையின் கம்மல் வட்டிக்கடைக்குப் போயிற்று.

இந்நிலை தற்செயலாக வந்ததன்று. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பின், 1892ஆம் ஆண்டு அரசாணையின்படி நம்மவர்க்குப் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு அதை விற்கவோ அடைமானம் வைக்கவோ கூடாது. பிறகும் நம்மவர்க்கே மாற்றலாம் என்பது நிபந்தனை. அப்படியும் கைமாறிய நிலம் எவ்வளவு என்பதைத் தனிக்கூட்டம் போட்டுத்தான் பேச வேண்டும்.

ஈடில்லாதவனுக்கு வேறு வழி உண்டா என்ற கேள்வியும் பழையதே. சென்னை அரசின் ஆணைப்படி ஆராய்ந்த நிக்கல்சன், 1895, 1897ஆம் ஆண்டுகளில் அளித்த அறிக்கைகளில் இங்குள்ள நிதிகளையும் எடைபோட்டார். எனினும் ஜெர்மனியின் ரைபைசன் முறையையே பெரிதும் பரிந்துரைத்தார். அம்முறையில் ஊரார் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பர். நிலத்தைவிட ஆளின் நாணயமே பெரிது. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அவ்வழியில் பிறந்தது. ஆயினும் சங்கத்தில் யாரைச் சேர்ப்பது என்பதை ஊரே முடிவு செய்தபோது, சேரிக்கு எத்தனை இடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1989ஆம் ஆண்டு தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் அந்தப் பழைய முறை வேறு உருவில் வந்தது. அங்கே சேர்ப்பவர்களும் நம் பெண்களே, பொறுப்பேற்பவர்களும் அவர்களே. பீடி சுற்றும் தாய் தன் மகளின் கட்டணத்திற்குக் குழுவில் கடன் கேட்கும்போது, பட்டாவைக் காட்டு என்று எவரும் சொல்வதில்லை.

எங்கள் அம்மையின் கம்மலை, நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் மீட்டோம். வட்டி அசலைத் தாண்டியிருந்தது. அதற்குள் காதுத் துளை தூர்ந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே வாங்கி, பெட்டியில் வைத்தார்கள்.