விரல்கள் விளையாடட்டும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ் மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நாம், நம் மக்கள் தமிழ் எழுத்தறியாது வளர்ந்துவிடுவரோ என்று அஞ்சுகின்றோம். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலப்போகும் பிள்ளைக்கு வீட்டிலேனும் தமிழ் புகட்ட வேண்டுமென்று, 3 வயது நிரம்புமுன்பே பென்சிலைக் கையில் திணிக்கின்றோம். ‘ஆ’ எழுதி முடிப்பதற்குள் பிள்ளை கண்ணீர் வடிக்கின்றது. அதனைச் சோம்பல் என்கின்றோம், பிடிவாதம் என்கின்றோம். நாளடைவில் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தென்றாலே கசந்துவிடுகின்றது.

குறை பெரும்பாலும் அறிவில் இல்லை. கை இன்னும் முதிரவில்லை. மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக இறுகி, எட்டும் எலும்பாக மாறத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 9 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன. விரல்களின் சிறு தசைகளோ பழக்கத்தினாலேயே திறன் பெறுகின்றன. அப்பழக்கத்தை இனிதே அளிக்கவல்லது விளையாட்டு.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். குழியிலுள்ள புளியங்கொட்டைகளை வழித்தெடுத்து, உள்ளங்கையில் அடக்கி, ஒவ்வொன்றாக விரல்நுனிக்குத் தள்ளி, அடுத்தடுத்த குழிகளில் இடுகின்றோம். எழுதுகோலைப் பிடித்து ஆள வேண்டிய விரல்களுக்கு இதனினும் நல்ல பயிற்சி எது? ஐந்துகல் ஆட்டத்தில் கண்ணும் கையும் ஒருங்கே இயங்குகின்றன. பூத்தொடுக்கையில் ஒரு கை பூவைப் பிடிக்க, மறு கை நாரைச் சுற்றுகின்றது. கோலமாவை இரு விரல்களுக்கிடையே அளவாக நழுவவிடும் குழந்தைக்குச் சுழியும் வளைவும் நிறைந்த நம் எழுத்துகள் அச்சம் தாரா.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினர். இத்தாலி நாட்டுக் கல்வி அறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையாரும், சொரசொரப்பான எழுத்துருக்களை விரலால் தடவச்செய்த பின்னரே எழுத்துகளை எழுதச் செய்தார். அவர் 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது.

இவற்றிற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுத்தால் குழந்தை பாம்பும் பறவையும் செய்யும். பட்டாணி உரிக்கச் சொல்லலாம். சட்டைப் பித்தானைத் தானே மாட்டவிடலாம். தட்டில் ரவை பரப்பி ‘அ’ வரையச் செய்யலாம். கைப்பேசியின் கண்ணாடிமீது விரல் வழுக்கிச் செல்கின்றது. அங்கே பிசைவதுமில்லை, முறுக்குவதுமில்லை.

ஓர் எச்சரிக்கை. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கொட்டை, சோழி, மணி முதலியவற்றைத் தரலாகாது. தொண்டையில் சிக்கி உயிருக்கே ஊறு நேரக்கூடும். மூத்த பிள்ளைகள் ஆடும்போதும் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் நன்று. 5 வயதைக் கடந்தும் பித்தான் மாட்டவோ கரண்டி பிடிக்கவோ மிகவும் இடர்ப்படும் பிள்ளையை அடிக்காமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

ஆதலின் நாம் ஒன்று செய்வோம். வீட்டுப் பரண்மீது உறங்கும் பல்லாங்குழிப் பலகைகளைக் கீழிறக்குவோம். சங்கத்துத் தமிழ் வகுப்பில் முதல் அரைமணி நேரத்தை விரல் விளையாட்டுக்கு ஒதுக்குவோம். பாட்டிமார் ஆசிரியராகட்டும், அண்டை வீட்டு வங்காளி, மராத்தியர் குழந்தைகளும் வந்து ஆடட்டும். கை பழகட்டும், எழுத்து தானே வரும், தமிழும் நம் பிள்ளைகளுக்கு இனிக்கும்.