பக்கத்து சீட்ல இருக்கிறவங்ககிட்ட இயேசுவைப் பத்தி எப்படிப் பேசுறது?

இன்னைக்கு நாம பேசப்போறது, வேலை செய்யிற இடத்துல நம்ம விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்வது பற்றி.

ஞாயிற்றுக்கிழமை சபையில கைதட்டிப் பாடுறோம். ஆனா திங்கட்கிழமை ஆபீஸ்ல? அஞ்சாறு வருஷமா பக்கத்துல உட்கார்ந்து வேலை செய்யிறவங்களுக்கு, நாம ஏன் நம்புறோம்னு ஒரு தடவைகூட சொன்னதில்ல. "மதம் மாத்த வந்துட்டான்னு நினைச்சிடுவாங்களோ"ன்னு பயம். வேறு சிலர் இதுக்கு நேர்மாறு. காலையில வாட்ஸ்அப் குரூப்ல வசனம் போட்டாச்சு, கடமை முடிஞ்சதுன்னு இருந்துடுறாங்க. ரெண்டு பேருமே எதிர்ல இருக்கிற மனுஷனைப் பார்க்கிறதில்ல.

இரண்டாம் இராஜாக்கள் 5-ம் அதிகாரத்துல ஒரு சிறுபெண் வர்றா. இஸ்ரவேல்லருந்து சீரியர்கள் பிடிச்சிட்டுப் போன பிள்ளை, படைத்தலைவன் நாகமானோட மனைவிகிட்ட வேலை செய்யிறா. அவ பேர்கூட வேதத்தில் இல்லை. அவ பிரசங்கம் பண்ணல. சமாரியாவுல இருக்கிற தீர்க்கதரிசிகிட்ட எங்க எஜமான் போனா குஷ்டம் நீங்கும்னு சொன்னா, அவ்வளவுதான். அந்த வார்த்தையை நம்பி நாகமான் ராஜாகிட்ட கடிதம் வாங்கி, வெள்ளியும் பொன்னும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார்!

ஒரு சிறைப்பிள்ளையோட பேச்சை அந்த வீடு ஏன் நம்பிச்சு? வேதம் காரணம் சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க. தினமும் பொய் சொல்ற, வேலையைத் தட்டிக்கழிக்கிற பிள்ளையா இருந்திருந்தா, அந்தப் பேச்சு சமையலறையைத் தாண்டியிருக்குமா?

1 பேதுரு 3:15-ஐ கவனிச்சுப் படிங்க. நம்ம நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவங்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமா இருக்கணும், அதையும் சாந்தத்தோட சொல்லணும்னு பேதுரு எழுதுறார். அப்படின்னா முதல்ல ஒருத்தர் கேட்கணும். கேட்கத் தோணுற மாதிரி நாம வாழணும். கொரிந்துவுல பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோட சேர்ந்து கூடாரம் செஞ்சார். அந்த ஊர்ல ஒன்றரை வருஷம் இருந்தார். அவருக்கும் கைவேலை இருந்தது.

நடைமுறைக்கு வருவோம். கூட வேலை செய்யிறவரோட அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு தெரிஞ்சா, அவரோட ஷிஃப்டை நீங்க எடுத்துக்கோங்க. அப்புறம், "அம்மாவுக்காக ஜெபிக்கட்டுமா?"ன்னு கேளுங்க. வேண்டாம்னா விட்டுடுங்க. சரின்னா, வீட்டுக்குப் போய் நிஜமாவே ஜெபியுங்க. ஒரு வாரம் கழிச்சு, "அம்மா எப்படி இருக்காங்க?"ன்னு விசாரிங்க. "ஜெபிச்சா கண்டிப்பா குணமாயிடும்"னு மட்டும் வாக்குக் கொடுக்காதீங்க. அது தேவனுடைய கையில் இருக்கு. அந்த அம்மா பிழைக்கலன்னா, உடைஞ்சுபோன மனுஷனை இன்னொரு தடவை உடைச்சவங்களா ஆயிடுவோம்.

ஒருநாள் டீ குடிக்கும்போது, "நீங்க எப்படிங்க இவ்வளவு நிதானமா இருக்கீங்க?"ன்னு அவரே கேட்கலாம். அப்போ மழுப்பாதீங்க. "எல்லாம் பழகிடுச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிடாதீங்க. இயேசு உங்களுக்கு யார்ன்னு ரெண்டு நிமிஷத்துல, உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க. அப்புறம் அவர் பேசட்டும், நீங்க கேளுங்க. அவரோட சாமியைக் குறைச்சுப் பேச வேண்டிய அவசியமே இல்லை.

மேலாளர்களா இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கீழ வேலை செய்யிறவங்க உங்ககிட்ட "வேண்டாம்"னு சொல்ல பயப்படுவாங்க. லீவும் சம்பள உயர்வும் உங்க கையில இருக்கே! அதனால அவங்களா கேட்கிற வரைக்கும் பொறுத்திருங்க. அதுவரை நீங்க நியாயமா நடக்கிறதே உங்க சாட்சி.

இந்த வாரம் ஒரே ஒரு பேரை எழுதி வைங்க. தினமும் அவருக்காக ஜெபியுங்க. அவர் கேட்கிற நாள்ல பேசுறதுக்குத் தேவன் உங்களுக்குத் தைரியம் தருவாராக. ஆமென்.