டிஸ்கவரிக்கு ஏன் இறக்கை இல்லை?



திரையில் நாம் பார்க்கும் விண்கலங்கள் பலவும் போர் விமானம் போலக் கூர்மூக்கும் இறக்கையுமாகவே இருக்கும். காற்றே இல்லாத வெளியில் இறக்கைக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வரைந்த கலம்தான் டிஸ்கவரி. 1968-இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் வியாழனை நோக்கிப் போகிற கலம். குப்ரிக்குடன் சேர்ந்து கதை எழுதியவர், இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்.

கலத்தின் முன்னால் பெரிய உருண்டை. ஆட்கள் இருப்பது அதற்குள். அணு உலையும் எஞ்சினும் கடைக்கோடியில். நடுவே முதுகெலும்பு மாதிரி நீண்ட தண்டு. உலையின் கதிர்வீச்சு ஆட்களை அண்டக் கூடாது என்பதற்காகவே அத்தனை நீளம்.

உருண்டைக்குள் சுழலும் சக்கர அறை ஒன்று உண்டு. தண்ணீர் வாளியைத் தலைக்கு மேலே வேகமாகச் சுற்றினால் சொட்டுகூடச் சிந்தாதல்லவா? அதே சங்கதிதான். சுழற்சி ஆளைத் தரையோடு அழுத்துகிறது. அவருக்கு எடை கிடைக்கிறது. இதைப் படமாக்க, 38 அடி விட்டத்தில் நிஜமாகவே ஒரு சக்கரத்தைச் செய்து சுழற்றினார்கள். நடிகர் கேரி லாக்வுட் அடியிலேயே ஓடிக்கொண்டிருக்க, அறைதான் அவரைச் சுற்றி உருண்டது. திரையிலோ அவர் சுவரேறி, கூரையில் ஓடி, மறுபக்கம் இறங்கி வருவார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தக் காட்சி அலுத்ததில்லை.

ஆனால் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்கில் ஊற்றிய காபி ஏன் ஆறுவதில்லை? அதன் இரண்டு சுவர்களுக்கும் இடையே காற்று இல்லை. விண்வெளிக் கலமும் பிளாஸ்குக்குள் இருக்கும் காபி போலத்தான். அணு உலையின் சூட்டை வாங்கிக்கொள்ள வெளியே காற்றும் இல்லை, நீரும் இல்லை. அகலமான தகடுகளிலிருந்து கதிராகத்தான் அது வெளியேற வேண்டும். டிஸ்கவரியின் தொடக்க வரைபடங்களில் அந்தத் தகடுகள் இருந்தன. பார்ப்பவர்கள் இறக்கை என்று நினைத்துக்கொள்வார்களே என்று எடுத்துவிட்டார்கள். அது தவறான முடிவு என்பேன். ரசிகர்களை நம்பியிருக்கலாம்.

சர்வதேச விண்வெளி நிலையத்தின் படம் கையில் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். சூரியத் தகடுகளுக்கு நடுவே, மடிப்பு மடிப்பாக வெள்ளைத் தகடுகள் தெரியும். நிலையத்தின் சூட்டைச் சுமந்து வரும் அம்மோனியா அவற்றுக்குள்தான் ஓடுகிறது.