ஓடந்துறையின் காத்தாடி எங்கே இருக்கிறது?

    

மாற்று எரிசக்தியை ஓர் ஊர் எப்படிக் காட்சிக்கு வைப்பது என்பது இந்தச் சொற்பொழிவின் தலைப்பு. நான் எங்கே வந்து நிற்பேன் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். எங்கள் துறை அறையில் நண்பர்களோடு டீ ஆறிப்போகும்வரை நடந்த சண்டைதான் இது. இன்று ஒலிபெருக்கி என் கையில் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சிக்கு 1996 முதல் 2006 வரை ஆர். சண்முகம் தலைவர். குடிநீர் மோட்டார்களின் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனது. முதலில் விறகை எரிவாயுவாக்கும் 9 கிலோவாட் கலன் ஒன்றை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். 2006இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். விலை 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மிச்சம் 1.15 கோடி வங்கிக் கடன்.

என் நண்பர்களில் ஒரு சாரார் ஓடந்துறையைத் 'தற்சார்புக் கிராமம்' என்கிறார்கள். இன்னொரு சாரார், "காத்தாடியே ஊரில் இல்லீங்களே, இது வெறும் முதலீடு" என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு.

ஓர் ஆடி மாதம் இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்த்தேன். காலையில் ஓடந்துறை. பாக்குத் தோப்பில் ஓர் ஓலை அசையவில்லை. நீலகிரி மலை காற்றை மறித்து நிற்கிறது. மதியம் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் தோளில் துண்டு நிற்கவில்லை. மேய்ந்த ஆடுகள்கூடக் காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றன. ஓடந்துறையின் காத்தாடி அங்கேதான் சுற்றுகிறது. அசையாத தோப்பில் கொண்டுபோய் அதை நட்டிருந்தால் பார்க்க வருபவர்களுக்குப் படம் கிடைத்திருக்கும், யூனிட் கிடைத்திருக்காது.

அடுத்து, செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் எண்கள். ஆண்டு உற்பத்தி 6.75 லட்சம் யூனிட், ஊரின் தேவை 4.5 லட்சம், மிச்சத்தை யூனிட் 2.90 ரூபாய்க்கு மின்வாரியத்துக்கு விற்று 19 லட்சம் வருமானம். தயவுசெய்து பெருக்கிப் பாருங்கள். மிச்சமான 2.25 லட்சம் யூனிட்டுக்கு ஆறரை லட்சம் ரூபாய்தான் வரும். 19 லட்சம் வரவேண்டுமென்றால் ஏறக்குறைய 6.75 லட்சம் யூனிட்டையும் விற்றிருக்க வேண்டும். அப்படியானால் தன் கரண்டைத் தானே எரிக்கும் கிராமம் அல்ல இது; கரண்டை விற்றுக் கடன் தவணை கட்டிய கிராமம். இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்த்ததாக நான் அறியாதது எனக்கு வியப்பு.

அதனால் பெருமை குறைந்துவிடுமா? நம் வீட்டு மாட்டுப் பாலைச் சொசைட்டியில் ஊற்றுகிறோம். சாயங்காலம் காப்பிக்குப் பாக்கெட் பால் வாங்குகிறோம். அந்த மாடு நம் மாடு இல்லை என்று யாராவது சொல்வார்களா? மின்கம்பியும் அப்படித்தான். ஓர் ஊராட்சி கடன் வாங்கி, காற்றடிக்கிற ஊரில் காசைப் போட்டது என்பதே காட்சிக்கு வைக்க வேண்டிய சேதி. காற்று வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை. தவணையோ மார்கழியிலும் இருந்தது. அந்தக் கடன் பேரேட்டைத்தான் நான் கண்ணாடிப் பெட்டியில் வைப்பேன்.

ஊராட்சியை விட்டு இனி கோவை மாநகரத்துக்கு வருவோம். மத்திய அரசின் சூரிய நகரத் திட்டத்தில் கோவையும் இடம்பெற்றது. கூரைமேல் பலகை வைப்பது நல்லதுதான். ஆனால் நான் காட்டச் சொல்வது தண்ணீர்க் கணக்கை. சிறுவாணி அணைத் தண்ணீர் சரிவிலேயே இறங்கி வருகிறது. மற்றத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றுகிறோம். லிட்டருக்கு எவ்வளவு கரண்ட் என்று வார்டு வாரியாக எழுதி வைத்தால், அதைவிட நல்ல கண்காட்சி வேண்டாம்.

கோவையின் நூற்பாலைகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; நேரம் இல்லை. 1956 முதல் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் மின் தணிக்கை அனுபவம் தனிச் சொற்பொழிவுக்கு உரியது. சொந்தக் காற்றாலை வைத்த ஆலைகள் உபரி யூனிட்டை வாரியத்தில் சேமித்து எடுக்கும் ஏற்பாடும் அப்படியே. நாட்டுக்கே பம்புசெட் செய்து தரும் ஊரில், இலவச மின்சாரம் உள்ள தோட்டத்துக்காரர் மின்சிக்கன நட்சத்திரக் குறியிட்ட மோட்டாரை எதற்காக வாங்குவார் என்பதையும் யாராவது ஆராயலாம்.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாணவர்களுக்கு ஒன்று: மைவாடி மீட்டரின் மாதவாரிக் கணக்கையும் ஓடந்துறையின் தவணைக் கணக்கையும் அருகருகே வைத்து ஒருவர் ஆய்வேடு எழுதலாம். என் நண்பர்களில் எவரேனும் வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்தால் சந்தோஷம்.